வண்டியில் எடுத்துப் போக ஒரு ரைஃபிள்: ஐடஹோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாய்ஸியில் குடியேறி முதல் கோடை முடிவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பிக்கப்பில், பின்சீட்டுக்கு அடியில் ஒரு ரைஃபிள் இருக்கும். வார இறுதியில் ஒவாய்ஹி பாலைப் பக்கம் போனால் பாதி வண்டிகளில் ஏதோ ஒன்று இருக்கும். போன மாதம் வேலையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, கூடாரம் எடுத்துக்கிட்டு அடிக்கடி மலைக்குப் போறோம். நாமும் ஒண்ணு வாங்கி வண்டியிலேயே போட்டு வச்சா என்ன?”

இங்கே அதற்கு ‘டிரக் கன்’ என்று பேர். பண்ணைக்காரர்களிடமிருந்து வந்த வழக்கம். கன்றுக்குட்டிகளைத் தேடி கொயோட்டி என்ற சிறு ஓநாய் வரும், வேலியோரம் பாம்பு கிடக்கும், வீடு பத்து மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்த வாழ்க்கைக்கு அது ஒரு கருவி, மண்வெட்டி மாதிரி. நம் வாழ்க்கை அப்படியில்லை. நம் வண்டி வாரத்தில் ஐந்து நாள் அலுவலக வாசலிலும் மளிகைக்கடை வாசலிலும் நிற்கிறது.

தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாங்கலாம். ஆனால் வண்டியில் போட்டு வைப்பதற்கு இல்லை, வண்டியில் எடுத்துப் போவதற்கு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்தப் பை என்பதெல்லாம் எளிதாக முடிவாகிவிடும்.

முதலில் உங்கள் விசா

கடைக்குப் போகும் முன்பே பார்க்க வேண்டியது இது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமில்லை, வைத்திருப்பதே குற்றம். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். அதோடு இந்த நாட்டில் உங்கள் எதிர்காலமும் முடிந்துவிடும். அதே சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பொருந்துவது வேட்டை உரிமம்: அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். அது காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும். அதனால் இந்த வழியில் போவதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது, நண்பன் வேட்டை உரிமம் இல்லாமல் எச்-1பியில் இருக்கிறான். “ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன்டா” என்று கேட்பான். அவன் கையில் கொடுத்தால் அவனுக்கும் வம்பு, தெரிந்தே கொடுத்த உங்களுக்கும் வம்பு. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கும் இதேதான். நீங்கள் சுடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கையில் வாங்கக் கூடாது. பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் பெட்டகத்தின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். நண்பனுக்காக உங்கள் பேரில் வாங்கித் தருவது தனிக் குற்றம், அதை நினைத்தே பார்க்காதீர்கள்.

எதற்கு வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை காட்டுப் பக்கம் போனீர்கள், அங்கே ஒரு ரைஃபிள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெரும்பாலும் பதில் இப்படித்தான் வரும்: பொது நிலத்தில் குறி பார்த்துச் சுட்டுப் பழகலாம், வசந்தகாலத்தில் தரை அணில், அப்புறம் காட்டு முயல், கொயோட்டி. மான் வேட்டை ஆசையும் சிலருக்கு இருக்கும்.

“கரடி வந்தால்?” என்றுதான் எல்லோரும் அடுத்துக் கேட்கிறார்கள். கரடி வருவது நடைபாதையில். ரைஃபிள் இருப்பது வண்டியில், பூட்டிய பைக்குள். யெல்லோஸ்டோன் பக்கம் போகிறீர்கள் என்றால் கரடி ஸ்பிரே வாங்கி, இடுப்பில் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பூங்கா நிர்வாகமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அங்கே விதி. 2010 பிப்ரவரியிலிருந்து மாநிலச் சட்டம் அனுமதித்தால் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்பது உண்மை. ஆனால் யெல்லோஸ்டோனுக்குள் சுடுவதற்கு அனுமதி இல்லை, பார்வையாளர் மையம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் எடுத்துப் போகவும் முடியாது.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானை நாமே சுட்டு வேதனையைத் தீர்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஷெரிஃப் அலுவலகத்தை அழையுங்கள். பொதுச் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்கேயோ சுட்டால் மானுக்கு நேர்ந்ததைவிடப் பெரியது யாருக்காவது நேரலாம்.

வேட்டையாடுவதாக இருந்தால் உரிமம் வேண்டும். 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஐடஹோவில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வேட்டைக்குப் போகாதவர்களும் அந்த வகுப்பில் சேருங்கள் என்றே நான் சொல்வேன். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படி வைப்பது, இரண்டு பேர் நடக்கும்போது குழலின் முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் திருத்த வேண்டும்.

தோட்டா

துப்பாக்கியைவிடத் தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள். பெயரில் முதலில் வரும் .22, .30 போன்ற எண் குண்டின் விட்டம், ஏறத்தாழ அங்குலத்தில்; 5.56 என்பது மில்லிமீட்டரில்.

.22 எல்.ஆர்: மலிவு, உதைப்பு கிடையாது, சத்தம் குறைவு. பழகுவதற்கும் முயலுக்கும் அணிலுக்கும் இது போதும். சின்னதாக இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். இதன் குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும்.

.223, அல்லது அதன் ராணுவ உடன்பிறப்பான 5.56: 55 கிரெயின் (எடை அலகு) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,200 அடி வேகத்தில் கிளம்பும். கொயோட்டிக்குச் சரியானது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 5.56 என்று பொறித்த துப்பாக்கியில் இரண்டையும் போடலாம். .223 என்று மட்டும் பொறித்ததில் 5.56 போடக் கூடாது, அழுத்தம் கூடுதல்.

.30-30: 1895-ல் வந்தது. 150 கெஜத்துக்குள் மானுக்கு இன்றும் நம்பகமானது.

.308: தூரமும் பலமும் தாராளம். ஆனால் 16 அங்குலக் குட்டைக் குழலில் இதைச் சுட்டால் சத்தமும் வெடிப்புக் காற்றும் முகத்தில் அறையும். புதியவர்கள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே விசையை இழுக்கப் பழகிவிடுவார்கள். முதல் துப்பாக்கிக்கு இது வேண்டாம்.

.300 பிளாக்அவுட் என்று ஒன்று கடையில் காட்டுவார்கள். தோட்டா நல்லதுதான். ஆனால் வீட்டில் .223 துப்பாக்கியும் இருந்தால் இந்த இரண்டையும் ஒரே பையில் வைக்கவே கூடாது. .300 தோட்டா .223 துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் புகுந்துவிடக்கூடும். குண்டோ குழலைவிடப் பருமன். விசையை இழுத்தால் துப்பாக்கி கையிலேயே சிதறும். வண்டிப் பைக்குள் டார்ச் வெளிச்சத்தில் துழாவி எடுக்கும் நமக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். ஒரு வண்டி, ஒரு துப்பாக்கி, ஒரே வகைத் தோட்டா.

என் தேர்வைக் கேட்டால், பழகுவதுதான் நோக்கம் என்றால் .22. கொயோட்டிவரை போக வேண்டும் என்றால் .223. மான்தான் குறி என்றால் அதற்குத் தனியாக .243 போன்ற ஒன்றைப் பின்னால் வாங்குங்கள். ஐடஹோவில் மானுக்கு .223 செல்லும். பக்கத்து வாஷிங்டனிலும், கொலராடோவிலும் மானுக்கு .24-க்குக் குறைந்த குண்டு செல்லாது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், சின்ன குண்டு பட்ட மானைத் தேடி இருட்டில் மலைச்சரிவில் அலைந்தவர்கள் மறுபடி அதை எடுத்துப் போக மாட்டார்கள்.

இயங்கும் முறை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கடைக்காரர்கள் துல்லியத்தைப் பற்றிப் பேசுவார்கள். இன்றைய மலிவு ரைஃபிளே நம்மில் பலரைவிடத் துல்லியமாகச் சுடும். வண்டியில் போகும் துப்பாக்கிக்கு நான் முதலில் கேட்பது வேறு: எவ்வளவு சுலபமாகக் காலி செய்யலாம், காலியாக இருக்கிறது என்பதை எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம்?

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நாள் பயணத்தில் வண்டியிலிருந்து இறங்கும்போது ஏற்றுகிறோம், ஏறும்போது இறக்குகிறோம். ஐந்து இடத்தில் நின்றால் ஐந்து முறை. களைத்துப்போய், கை விறைத்துப்போய், பிள்ளைகள் பசி என்று கத்திக்கொண்டிருக்கும்போதும் அதைச் செய்ய வேண்டும்.

டிரக் கன் என்றாலே இந்த ஊர்க்காரர்கள் லீவர் ரைஃபிளைத்தான் சொல்வார்கள்: விசைக்கு அடியில் உள்ள பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94, 1948 முதல் வரும் மார்லின் 336. ஒல்லி, தட்டை, சீட்டுக்குப் பின்னால் சொருகினால் தெரியவே தெரியாது. நானும் ஆசைப்பட்டு .30-30-ல் ஒரு பழைய லீவர் ரைஃபிள் வாங்கினேன்.

அக்டோபர் கடைசி, ஐடஹோ சிட்டிக்கு மேலே உள்ள காட்டில் மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குத் திரும்பிவிட்டோம். குழலுக்கு அடியில் உள்ள நீளக் குழாயில் ஆறு தோட்டா போட்டிருந்தேன். அந்த ரைஃபிளைக் காலி செய்ய வேண்டுமென்றால் லீவரை இழுத்துத் தள்ளி, ஒவ்வொரு தோட்டாவையும் அறை வழியாகவே வெளியே கொண்டுவர வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தேன். பித்தளை ஒவ்வொன்றாகப் பனியில் விழுந்து புதைந்தது. பிறகு லீவரை இரண்டு முறை இழுத்தும் ஒன்றும் வரவில்லை. காலி என்று நினைத்துக் குனிந்து பொறுக்கினேன். ஐந்து கிடைத்தது. ஆறாவதைத் தேடிப் பனியைக் கையால் கிளறிக்கொண்டிருந்தேன். கூட வந்த மூத்த நண்பர், “அங்க தேடாத. முதல்ல துப்பாக்கியைப் பாரு” என்றார். லீவரைத் திறந்து பிடித்துக்கொண்டு, பின்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். குழாயின் வாயில் ஒரு பித்தளை விளிம்பு பளிச்சென்று வந்து நின்றது. பாலைப் புழுதி குழாய்க்குள் புகுந்து, சுருள்வில் தள்ளும் மூடி பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. வண்டியின் குலுக்கலில் அது விடுபட்டிருந்தால், வீட்டில் லீவரை ஒருமுறை இழுத்து மூடியதும் அந்தத் தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வீட்டில் என் மகள் இருந்தாள்.

அந்த ரைஃபிளை நான் விற்கவில்லை. ஆனால் வண்டிப் பயணத்துக்கு எடுப்பதை விட்டுவிட்டேன். லீவர்தான் வேண்டும் என்பவர்கள், முன்பக்கக் குழாயை உருவித் தோட்டாக்களை அப்படியே கொட்டிவிடக்கூடிய வகை கிடைக்கிறது, அதைப் பாருங்கள். தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய் மேகசினில் கூர்முனைத் தோட்டா போடக் கூடாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் அடிப்பொட்டில், முட்டி நிற்கும், உதைப்பில் வெடித்துவிடலாம். தட்டைமுனையோ அதற்கென்றே செய்த மென்முனையோதான் போட வேண்டும்.

கையால் இழுத்துத் திறக்கும் போல்ட் என்ற அடைப்புத் தண்டும், கழற்றும் தோட்டாப் பெட்டியான மேகசினும் உள்ள போல்ட் ரைஃபிளில் காலி செய்வது இவ்வளவுதான்: மேகசினை உருவு, போல்ட்டைத் திற, கண்ணால் பார், சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவு. இருட்டிலும் முடியும். போல்ட்டைத் தனியே கழற்றி வேறு பையில் வைத்தால் அது வெறும் இரும்புக்குழாய். புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ரூகர் அமெரிக்கன் ரைஃபிளின் ராஞ்ச் வகை இதற்கு நல்ல உதாரணம்: 16 அங்குலத்துக்குச் சற்றே மேலான குழல், மொத்த நீளம் ஏறத்தாழ 36 அங்குலம், எடை சுமார் 6 பவுண்டு.

.22-ல் ரூகர் 10/22-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. 1964 முதல் வருகிறது, பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். 2012-ல் இரண்டாகப் பிரித்துப் பைக்குள் போடும் வகையும் வந்தது. சின்ன காருக்கு அது ரொம்ப வசதி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கடைசித் தோட்டா போனதும் இதன் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. மூடியே இருக்கும். காலியா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முறையும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஏ.ஆர்-15 வகை, அதாவது ராணுவ ரைஃபிள் சாயலில், ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை பற்றி. நல்ல கருவி, உதைப்பு குறைவு, இரண்டு ஊசியைத் தள்ளினால் பாதியாகிவிடும். வண்டிக்கு நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் மாநில எல்லைகள். வாஷிங்டனில் 2023 ஏப்ரலிலிருந்து இந்த வகையை விற்கவும் தடை, வெளியிலிருந்து மாநிலத்துக்குள் கொண்டுவரவும் தடை. சியாட்டிலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகும்போது பின்பக்கத்தில் இது கிடந்தால் நீங்கள் குற்றவாளி. போல்ட் ரைஃபிளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நீளம், எடை, பார்வை

துப்பாக்கிப் பயிற்சியாளர் கர்னல் ஜெஃப் கூப்பர் 1980-களில் அரிசோனாவில் ஒரு பொதுப்பயன் ரைஃபிளுக்கு வகுத்த அளவு இன்றும் நல்ல வரம்பு: நீளம் ஒரு மீட்டருக்குள், எடை மூன்று கிலோ சுமாருக்குள். அதற்கு மேல் போனால் காரிலும் இடிக்கும், தோளிலும் வலிக்கும். குறைக்கிறேன் என்று குழலை 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டிவிடாதீர்கள். மொத்த நீளமும் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 1934-ம் ஆண்டுச் சட்டப்படி அது வேறு வகைத் துப்பாக்கி, பதிவில்லாமல் வைத்திருப்பது பெரிய குற்றம்.

வாங்கும் முன் வண்டியின் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 36 அங்குல ரைஃபிளுக்குப் பை 38, 40 அங்குலம் வரும்.

மரக்கட்டை அழகு. ஆனால் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் முறுக்கிக்கொள்ளும், குறி நகரும். பிளாஸ்டிக் கட்டையும் துருப்பிடிக்காத எஃகும் வாங்குங்கள். பார்வைக்குக் குறைந்த பெருக்கமுள்ள சின்ன ஸ்கோப் போதும். அதன் திருகுகளை முறுக்குமானி வைத்து இறுக்குங்கள். கரடுமுரடான மண்சாலையில் நூறு மைல் போனால் தளர்ந்த திருகு தானே கழன்றுவிடும்.

வாங்கும் நாள்

உரிமம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். தனியாரிடம் வாங்க ஐடஹோ சட்டம் இடம் கொடுத்தாலும், களவுப்பொருளா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், அவர்கள் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார்கள். பல நேரம் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். பெயரில் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக இருக்கும் நம் போன்றவர்களுக்குச் சில சமயம் தாமதமாகலாம், பதற வேண்டாம். கிரீன் கார்டையும் தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கஞ்சா பற்றி அந்தப் படிவம் நேராகவே கேட்கும். ஆரிகனிலும் வாஷிங்டனிலும் அது கடையில் விற்கிறது என்பதால் கூட்டாட்சிச் சட்டம் மாறிவிடவில்லை. பொய் எழுதினால் அதுவே குற்றம்.

அதே நாளில் இவற்றையும் வாங்கிவிடுங்கள்: காதுக் கவசம், கண்ணாடி, பூட்டும் பை, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே. காதுக் கவசம் எப்போதும் ரைஃபிள் பையிலேயே இருக்க வேண்டும். ரைஃபிள் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காது போகலாம், போனால் திரும்பாது.

பை, பூட்டு, வண்டி

அமெரிக்காவில் களவு போகும் துப்பாக்கிகளில் பெரும் பங்கு கார்களிலிருந்து போகிறது. கண்ணாடியை உடைக்க ஐந்து நொடி. போன துப்பாக்கி அடுத்து எங்கே, யாரிடம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் பல வருடம் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த .22-ஐ ஒரே இரவில் இழந்தார். பணம் பெரிதில்லை, பத்து மாதம் அந்த மனிதருக்குத் தூக்கமில்லை. செய்தியில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூடும் வரும்போது அது என்னுடையதா என்றே கேட்பார்.

அதனால் இரவில் ரைஃபிள் வண்டியில் இருக்கக் கூடாது. பயணம் முடிந்ததும் வீட்டுப் பெட்டகத்துக்கு. வழியில் விடுதியில் தங்கினால், விடுதி அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு அறைக்குள் எடுத்துப் போங்கள். கிட்டார் பை போலவோ டென்னிஸ் பை போலவோ தெரியும் உறையை வாங்குங்கள். பச்சை, பழுப்பு ராணுவப் பட்டைகள் உள்ள பை தூரத்திலிருந்தே சொல்லிவிடும். துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டாதீர்கள்.

உணவுக்கு இறங்கும் அரை மணி நேரத்துக்கு, பூட்டிய பையைச் சீட்டு அடியில் உள்ள இரும்பு வளையத்தோடு எஃகுக் கம்பியால் கட்டுங்கள், மேலே போர்வை போடுங்கள். கொலராடோவில் 2025 முதல் ஆளில்லாத வண்டியில் பூட்டிய உறைக்குள், வெளியே தெரியாமல்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் போகும்போதும் இதே பூட்டிய பைதான் உங்களைக் காப்பாற்றும்: காலியாக, பூட்டிய உறையில் இருந்தால் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காட்டுக்குப் போகும் எல்லோருக்கும் இது பொருந்தும். தபால் நிலையத்துக்கு மட்டும் அன்றைக்குப் போகாதீர்கள். அஞ்சல் துறையின் விதி வாகன நிறுத்தத்தையும் சேர்த்தே தடுக்கிறது.

கோடை வெயிலில் மூடிய வண்டிக்குள் தோட்டாவை நாள்கணக்கில் வேக விடாதீர்கள். குளிர்காலத்தில் வேறு தொல்லை. உறைந்த ரைஃபிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் நிமிடத்தில் வியர்த்துவிடும். பையைத் திறந்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு கை தடவுங்கள். நுரை வைத்த பெட்டிக்குள் ஈரத்தோடு பூட்டினால் அடுத்த மாதம் செம்பழுப்புத் திட்டுகளைத்தான் பார்ப்பீர்கள்.

எல்லை தாண்டும்போது

1986-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, இரண்டு பக்கமும் சட்டப்படி வைத்திருக்க உரிமையுள்ளவர், நடுவில் உள்ள மாநிலத்தைக் கடந்துபோக வழிவிடுகிறது. நிபந்தனை: துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், துப்பாக்கியோ தோட்டாவோ கை எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்.யூ.வி. போன்ற வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், முன்பக்கச் சிறு அறை அதற்குச் செல்லாது. நடுவில் இரண்டு நாள் சுற்றிப் பார்க்கத் தங்கினால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. வாஷிங்டனில் தோட்டா உள்ள ரைஃபிளை வண்டிக்குள் வைப்பதே குற்றம். மினசோட்டாவில் பொதுவாகக் காலியாக, உறைக்குள்ளோ மூடிய டிக்கியிலோ இருக்க வேண்டும். போகும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் கிளம்பும் வாரத்தில் அந்த மாநில அரசின் பக்கத்திலேயே பாருங்கள், இவை அடிக்கடி மாறுகின்றன.

கனடாவுக்குப் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மெக்சிகோ எல்லையில் மறந்துபோன ஒரு தோட்டாகூடச் சிறைவரை கொண்டுபோகும். எல்லைப் பயணத்துக்கு முன் சீட்டு இடுக்கு, கதவுப் பை, பழைய ஜாக்கெட் பாக்கெட் எல்லாவற்றையும் துழாவிவிடுங்கள்.

போய் இறங்கியதும்

பி.எல்.எம். (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலத்தில் பல இடங்களில் சுடலாம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். அடிவானம் தெரிந்தால் சுடாதீர்கள். தேசியக் காடுகளில் வீடு, முகாம், பொழுதுபோக்கு இடம் இவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக் கூடாது, சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கே சுடக் கூடாது. கோடைத் தீக்காலத்தில் எஃகு கலந்த குண்டுக்கும் வெடிக்கும் இலக்குக்கும் தடை வரும். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். உங்கள் தோட்டா எஃகா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்துப் போகாதீர்கள். வெற்றுக் குப்பிகளையும் கிழிந்த இலக்குகளையும் பொறுக்கி எடுத்து வாருங்கள். குப்பை சேர்ந்ததால் மூடப்பட்ட இடங்கள் இங்கே இருக்கின்றன.

கிளம்பும்போது ஒரு வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அதே வரிசை. குழல் ஆளில்லாத பக்கம். மேகசின் வெளியே. போல்ட் திறந்து. கண்ணால் பார்த்து, விரலால் தடவி. ஏற்றிய தோட்டா எத்தனை, சுட்டது எத்தனை, கையில் இருப்பது எத்தனை என்று வாய்விட்டு எண்ணி. கூட வந்தவரிடம் கொடுத்து, அவரும் பார்த்து, அவர் வாயால் “காலி” என்று சொன்ன பிறகு பைக்குள் வைத்துப் பூட்டி. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். தரையில் தேடுவதற்கு முன் துப்பாக்கிக்குள் தேடுங்கள்.